3,200 கிலோமீட்டரும் 19 கிலோமீட்டரும்

(பழைய மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



"உலகம் சுருங்கிவிட்டது" என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். எங்கே சுருங்கியது, எங்கே சுருங்கவில்லை என்று பொறியாளர்களாகிய நாம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

நம்ம பகுதிக்கு இந்த இணைப்பு புதுசு இல்லீங்க. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போனது. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 'ஐ-டூ-ஐ' என்ற கடலடி கேபிள் வந்தது. நீளம் சுமார் 3,200 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஓடும். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து அனுப்பும் ஒரு டிராயிங், கண் சிமிட்டுவதற்குள் கடலைத் தாண்டிவிடும்.

சரி, டிராயிங் போயிடுச்சு, ஆர்டரும் வந்தாச்சு. செய்த சாமான் போகணுமே! அதற்கும் வழி பிறந்தது. 1956-இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி, சரக்கை மூட்டை மூட்டையாக ஏற்றாமல், 58 பெட்டிகளை அப்படியே கப்பலில் ஏற்றி அனுப்பினார். அந்த கன்டெய்னர் முறைக்கென்று சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் தனி முனையமே திறந்தார்கள். பட்டறையில் பூட்டிய பெட்டியைக் கடல் கடந்துதான் திறக்கிறார்கள்.

ஆனால் பெட்டி துறைமுகம் போய்ச் சேரணும் இல்லையா? அதற்காகத்தான் மதுரவாயலிலிருந்து துறைமுகம் வரை 19 கி.மீ. பறக்கும் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். கூவத்தில் தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கும் என்று 2012-இல் வேலை நின்றது. ஈரடுக்குச் சாலையாக வடிவம் மாற்றி, 2022 மே மாதம் மறுபடியும் அடிக்கல். மதுரவாயலில் பாதியில் நின்ற தூண்களைப் பார்க்காதவர் நம்மில் யார்?

3,200 கி.மீ. முடிந்தது, 19 கி.மீ. நின்றது. ஏன்? கடலடியில் குடியிருப்பவர் யாருமில்லை. கூவம் கரையில் மனிதர்கள் இருக்கிறார்கள். ஆற்றுக்கும் போக வழி வேண்டும். தண்ணீருக்கு வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் சென்னையே பார்த்தது. ஆகவே எழுந்த கேள்வி வீண் கேள்வி அல்ல. தூண் நடுவதற்கு முன்பே அதற்கு விடை கண்டிருந்தால், பத்தாண்டு மிச்சமாகியிருக்கும்.

தம்பி தங்கைகளே, ஆற்றின் போக்கு, கரையில் இருப்பவரின் வீடு, டிரெய்லர் ஓட்டுநரின் காத்திருப்பு இதெல்லாம் "நம்ம பாடத்தில் இல்லை" என்று ஒதுக்காதீர்கள். உலகத்தை இணைக்கும் வேலையில் கடைசி 19 கிலோமீட்டர் அங்கேதான் இருக்கிறது. அதை முடிக்கப்போவது நீங்கள்தான்.