உடன்புதைத்தல் என்னும் சீனச் சொல்

சீன மொழியில் 'ஷுன்சாங்' என்றொரு சொல் உண்டு. இறந்த தலைவனோடு பிறரையும் சேர்த்துப் புதைத்த பண்டை வழக்கத்தின் பெயர் அது. ஆன்யாங் நகரில் 1976 ஆம் ஆண்டு அகழப்பெற்ற அரசி பூஹாவோவின் கல்லறையில், வெண்கலக் கலங்களோடும் 6 நாய்களோடும் 16 மனிதரின் எலும்புகள் கிடந்தன. கி.மு. 621 இல் மாண்ட சின் நாட்டு மூ கோமகனோடு 177 பேர் மடிந்தனர் எனச் சீமா சியானின் வரலாற்று நூல் கூறும். கி.மு. 384 இல் அந்நாடே இவ்வழக்கத்தை விலக்கியது. ஆயினும் அது ஒழிந்தபாடில்லை. மிங் மரபினர் காலத்தில் மீண்டும் தலைதூக்கிற்று. 1464 இல் யிங்சோங் பேரரசர் சாகுந் தறுவாயில் இட்ட ஆணையாலேதான் அவருடைய அரண்மனைப் பெண்கள் தப்பினர்.

வழக்கம் போயிற்று, சொல் நின்றது. வீழ்கின்ற ஆட்சியோடு சேர்ந்து அழிவோரை இன்று அச்சொல்லாற் குறிக்கின்றனர். வியப்பென்னவெனில், நாட்டுக்காக உயிர்துறத்தல், கடமையில் மடிதல் என்னும் பெருமைக்குரிய சொற்களிலும் அதே 'ஷுன்' எழுத்தே முன்னிற்கிறது. விரும்பி உயிர் கொடுத்தவனுக்கும் இழுத்துப் புதைக்கப்பட்டவளுக்கும் ஓரெழுத்து! பின்வரும் எழுத்துத்தான் இருவரையும் பிரிக்கிறது: அங்கே 'நாடு', இங்கே 'புதைத்தல்'. ஆதலின் ஒருவன் 'ஷுன்சாங்' ஆனான் என்றால் அதிற் புகழில்லை. பிறனுடைய குழியிலே கிடக்கிறான் என்பதே பொருள்.