நகம் வெளுத்த கதை

(ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பிழைக்கிறவன். கம்மலை அடகு வைக்க வருகிற நம்ம தெருப் பெண்களின் பெருவிரலைப் பிடித்து ரேகை உருட்டும்போது நகத்தைப் பார்க்கிறேன். தாள் மாதிரி வெளுத்துக் கிடக்கு. கேட்டால், “ரத்தமில்லையாம் சார், எங்க உடம்புவாகு அப்படி” என்கிறார்கள். உடம்புவாகு இல்லை தோழர்களே. தட்டில் இல்லாததுதான் உடம்பிலும் இல்லை.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைக் குடும்பங்களின் ஏழை இஸ்லாமியக் கர்ப்பிணிகள் கடும் ரத்தசோகையில் கிடந்தார்கள். அவர் சோற்றுத் தட்டைப் பார்த்தார். காய் இல்லை, பழம் இல்லை. நம்ம குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் எலிகளை வைத்தும் சோதித்தார். மார்மைட் என்கிற ஈஸ்ட் சாறு கொடுத்ததும் பெண்கள் தேறியதை 1931இல் எழுதினார். அதிலிருந்த சத்துதான் ஃபோலேட். 1941இல் அதைக் கீரையிலிருந்து பிரித்தார்கள். பேரே இலை என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவின் குழு, 1945இல் அமெரிக்காவில் அதைச் செயற்கையாகச் செய்து காட்டியது.

புது ரத்த அணு பிறக்க ஃபோலேட் வேணும், இரும்புச்சத்தும் வேணும். கருவின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய், கரு உண்டான 28 நாளில் மூடிவிடும். பிள்ளை உண்டானதே தெரியாத நேரம் அது! அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம், கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் என்கிறது.

முருங்கைக்கீரையிலும் தட்டாம்பயறிலும் அது உண்டு. வெகுநேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் போய்விடும். மாட்டு ஈரலில் நிறையவே உண்டு. எதைத் தின்றோம் என்று நம்மை ஒதுக்கினார்களோ, அதில்! (கர்ப்பிணிகள் ஈரலை அளவோடுதான் சாப்பிடணும்; அதில் வைட்டமின் ஏ அதிகம்.) ஆனால் கீரை போட நமக்கு நிலம் எங்கே? பயறு வாங்கக் கூலி எங்கே?

பள்ளியில் வாரம் ஒரு இரும்பு-ஃபோலிக் மாத்திரை தருகிறார்கள். விடியுமுன் ராஜபாளையம் மில் பஸ் ஏறுகிற பிள்ளைக்கு? அங்கன்வாடியில் அவளுக்கும் உரிமை உண்டு. மாணவத் தோழர்களே, தெருத்தெருவாகப் போய் இதைச் சொல்லுங்கள். மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். கூலியையும் நிலத்தையும் போராடி வாங்குவோம்.

அடுத்த தடவை ரேகை உருட்டும்போது அந்த நகம் சிவந்திருக்கணும்.