விமானியின் கண்ணும் கருவியும்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழராகிய நாம், ரேணிகுண்டாவில் வந்திறங்கும் விமானங்களைக் காண்கிறோம். முகில் மூடிய பொழுதில் விமானிக்கு நிலம் புலப்படுவதில்லை. எதிரேயுள்ள கருவிகளே அவருக்குக் கண். அவை உண்மையைக் காட்டினால் மட்டும் போதுமா? போதாது. காட்டுவது உடனே கருத்திலும் பதிதல் வேண்டும்.

1990 பிப்ரவரி 14 அன்று, நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில், இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ320 விமானம் ஓடுபாதையை எட்டுமுன் வீழ்ந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டனர். இறங்குகையில் எஞ்சின்கள் மிகத் தாழ்ந்த விசையிலேயே நின்றன. வேகம் குறைந்துகொண்டே வந்தது. விமானிகள் அதனை உரிய காலத்தில் உணரவில்லை என்றது விசாரணை.

ஆனால் கருவி அதை எவ்வாறு உணர்த்திற்று? தானியங்கி எம்முறையில் இயங்குகிறது என்பதைத் திரையின் மேற்புறத்தில் சில எழுத்துக்களே அறிவித்தன. வேறு பல விமானங்களில், தானியங்கி விசையை மாற்றும்போது கைப்பிடியும் உடன் நகரும். கையே செய்தியை அறியும். இவ்விமானத்தில் அது அசைவதில்லை.

‘விமானியின் பிழை’ என்று கூறி அமைவது எளிது. களைத்த மனிதனும் தவறாதவாறு கருவியை அமைப்பதன்றோ பொறியியல்? அதனைப் பயிலும் நம் பிள்ளைகள் இதனை மறவாதிருப்பாராக.