ஓட்டப் போட்டியும் தொண்டர் பணியும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விளையாட்டைப் பற்றிப் பேச அழைத்தால் வென்றவர் புகழைக் கூறுவதே வழக்கம். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளி பெற்ற டங்கன் வைற்றையும், 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்ந்து தங்கம் வென்ற எதிர்வீரசிங்கத்தையும் இச்சபையிலுள்ள பெரியோர் நன்கறிவர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது பதக்கம் பெறாதவர்களைப் பற்றி. முடக்கில் கொடி பிடித்து நிற்பவர், நேரம் குறிப்பவர், தண்ணீர் வாளி சுமப்பவர் ஆகியோரே அவர்கள்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத்தன்று ஐந்து தேர்கள் வீதிக்கு வருகின்றன. எந்த ஊர்த் தேராயினும் வடம் பிடிப்போரை எல்லோரும் காண்கிறோம். சில்லின் அடியில் குனிந்து கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புபவரை யார் பார்க்கிறோம்? அவர் கை ஒரு கணம் பிசகினால் என்னவாகும் என்பதை மட்டும் எல்லோரும் அறிவோம்.

நமது ஓட்டக் குழுவுக்கு இந்த உண்மை சற்றுத் தாமதமாகத்தான் விளங்கியது. அதைச் சொல்ல வெட்கமாயினும் சொல்லியே ஆகவேண்டும்.

ஒரு சித்திரைப் புத்தாண்டு மரதன் ஓட்டம். பிரட்டுக்களத்தில் தொடங்கி, ஸ்டோர் பாதை வழியே ஏறி, கோயிலடியில் முடியும் நான்கு மைல் தூரம். அன்று பத்து யார் தொலைவில் நிற்பவர் முகம் தெரியாத பனிமூட்டம். முன்னே வந்த பையன் மற்றவர்களை வெகுதூரம் பின்னே விட்டுவிட்டான். பாதை இரண்டாகப் பிரியும் முடக்கில் அவன் வந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. நேரே கீழ்க்கணக்கை நோக்கி இறங்கி ஓடினான். லயத்து வாசலில் நின்ற ஒரு கிழவி கூப்பிட்டுச் சொன்ன பிறகே தவறு தெரிந்து திரும்பி ஏறினான். அவன் கோயிலடிக்கு வந்து சேர்ந்தபோது பரிசு கொடுத்து முடிந்திருந்தது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொழுந்து பறிக்கும் அவன் தாயார்தான் மேடையடிக்கு வந்தார். “அந்த முடக்குல ஒரு ஆள நிப்பாட்ட முடியலையா, தம்பிமாரே?” என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால் நமக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அவர் சத்தம் போடவில்லை.

உண்மையில் ஆளை நிறுத்தியிருந்தோம். தப்புச் சத்தம் கேட்டதும் முடிவைப் பார்க்கும் ஆவலில் அவன் ஓடிவந்துவிட்டான். சிலர் அவனை ஏசினர். நாம் அதற்கு உடன்படவில்லை. காலை ஏழு மணிக்கு நனைந்த புல்லில் அவனை நிறுத்திவிட்டு, எத்தனை பேர் ஓடுகிறார்கள், யார் கடைசி, எப்போது வரலாம் என்று ஒரு வார்த்தை கூறாதவர் நாம். மழைக்கு ஒரு படங்கில்லை, குடிக்க ஒரு தேத்தண்ணி இல்லை. அட்டைக்கடி மட்டும் தாராளமாகக் கிடைத்தது. அவனிடம் கேட்டது தொண்டு. நாம் நடத்திய விதமோ வேறு.

தொண்டரின் அன்பே தீங்காவதும் உண்டு. 1908இல் இலண்டன் ஒலிம்பிக் மரதனில் இத்தாலியரான டொராண்டோ பியத்ரி முதலாவதாக மைதானத்துள் நுழைந்தார். களைப்பில் திசை மாறி ஓடினார், பலமுறை விழுந்தார். மனம் பொறுக்காத நடுவர்கள் தூக்கி நிறுத்தி எல்லையைத் தாண்டச் செய்தனர். உதவி பெற்ற காரணத்தால் அவர் வெற்றி செல்லாதாயிற்று. தங்கம் அமெரிக்கரான ஹேய்ஸுக்குச் சென்றது. இராணி அலெக்சாண்டிரா பியத்ரிக்கு ஒரு கிண்ணம் பரிசளித்தார் என்பது வேறு கதை. தொடவேண்டிய நேரம் எது, தொடாதிருக்கவேண்டிய நேரம் எது என்பதைத் தொண்டருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இன்னொரு செய்தி நமக்கு மிகவும் பிடித்தது. 2004 ஒக்டோபர் 2ஆம் திகதி இலண்டனில் புஷி பூங்காவில் 13 பேர் ஐந்து கிலோமீற்றர் ஓடினர். அதை நடத்திய போல் சின்டன்-ஹியூவிட் தாமே ஓட்டக்காரர்; காயத்தால் அப்போது ஓட முடியாதவர். ஓட முடியாவிட்டால் நேரமாவது பார்ப்போம் என்று எண்ணினார். வந்து சேர்ந்தவர் கையில் கொடுக்க, இரும்புக் கடையில் வாங்கிய வாஷர்களில் இலக்கம் பொறித்து வைத்திருந்தனர். பார்க்ரன் என்ற பெயரில் இன்று பல நாடுகளில் வாரந்தோறும் நடக்கும் கட்டணமில்லா ஓட்டம் இவ்வாறே பிறந்தது. அங்கே கடைசி ஆளுக்கும் பின்னால் ஒரு தொண்டர் நடந்து வருவார். ஆகவே ஓட வந்த எவரும் கடைசியாக வருவதில்லை!

நாம் அட்டைத் துண்டில் இலக்கம் எழுதி, மழையில் மை கரைந்து விழித்தவர்கள். இப்போது நம்மிடமும் வாஷர்கள் கம்பியில் கோத்து இருக்கின்றன. ஏற்றத்தில் தண்ணீரும் முதலுதவியும் வைக்கிறோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே. கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகள் வேகமாகத் தொடங்கி ஏற்றத்தில் மூச்சுத் திணறுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

பெரியோர்களே, இது வாலிபர் காரியம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். கொட்டும் மழையில் கொழுந்து நிறுத்துப் பெயரும் றாத்தலும் பிசகாமல் எழுதிய கணக்கப்பிள்ளைமார் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். முடிவெல்லையில் பெயரும் நேரமும் எழுத உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? கையில் மணிக்கூட்டோடு நிற்கும் நம் வாலிபர்கள், தங்கள் நண்பன் ஓடிவந்தால் மணிக்கூட்டை மறந்து கைதட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

வரும் புத்தாண்டு ஓட்டத்துக்கு ஏழு முடக்குகள். ஒவ்வொன்றுக்கும் இருவர் வீதம் பதினால்வர் வேண்டும். முதல் தேத்தண்ணி முடக்குகளுக்குப் போகும். அதன் பின்பே மேடைக்கு வரும். கடைசியாக நடந்து வருபவர் கடந்து சென்ற பின்னரே இடத்தை விட்டு நகரலாம். இதுவரை பதின்மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கீழ்க்கணக்குப் பிரியும் முடக்குக்கு இன்னும் ஒருவர் தேவை. அந்தப் பையன் இம்முறையும் ஓடுகிறான்.