குளிர்பெட்டிக்கு அடியில் ஒரு மக்காச்சோள மணி



"இணையத்தில் சிரிக்க வைக்கிறவர்கள் எல்லாம் தன்வரலாறு எழுதினால், அதையும் படிக்க வேண்டுமா?" என்று நம் வாசகர் வட்டத்தின் போன கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். படிக்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஆலி ப்ராஷ் 2009இல் இணையத்தில் எழுதத் தொடங்கினார். எழுத்துக்கு நடுவே அவரே கணினியில் வரைந்த படங்கள். குழாய் போல உடம்பு, இளஞ்சிவப்பு கவுன், முட்டைக் கண், தலையில் முக்கோணமாக மஞ்சள் முடி. தன்னைத்தான் அப்படி வரைந்துகொண்டார்! 2013இல் அது 'ஹைப்பர்போலி அண்ட் எ ஹாஃப்' என்ற நூலானது. ஹைப்பர்போலி என்றால் நம் அணியிலக்கணத்தில் உயர்வு நவிற்சி. தாத்தாவின் பிறந்தநாளுக்கு அம்மா செய்து வைத்த கேக்கைச் சின்னஞ்சிறு வயதில் முழுதாகத் தின்று தீர்த்ததை, ஒரு கோட்டையைப் பிடித்த கதை போலச் சொல்வார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அதே நூலில் மனச்சோர்வு பற்றி இரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன. 2011இல் முதல் பகுதியை எழுதியவருக்கு அடுத்ததை எழுத ஒன்றரை ஆண்டு பிடித்தது. அங்கே உயர்வு நவிற்சிக்கு வேலையில்லை. கோபமோ துக்கமோ தோன்றாமல் வெறுமனே கிடந்த நாட்கள். ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு அவர் ஓர் உவமை வைத்திருக்கிறார். என் மீன்கள் செத்துவிட்டன என்கிறாள் ஒருத்தி. வந்தவர்களோ, தேடினால் கிடைத்துவிடும் என்று தைரியம் சொல்கிறார்கள்.

"மனசைத் தளர விடாதே, எல்லாம் சரியாகிவிடும்." நாம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம்! எனக்கு மிக நெருங்கிய ஒருவரிடம் நானும் சொல்லியிருக்கிறேன். செத்த மீனைத் தேடச் சொல்லியிருக்கிறேன் என்பது இந்தப் பக்கத்தில்தான் எனக்கு உறைத்தது.

ஒருநாள் ஆலி சமையலறைத் தரையில் கிடந்து காரணமில்லாமல் அழுகிறார். குளிர்பெட்டிக்கு அடியில், காய்ந்து சுருங்கிய ஒரு மக்காச்சோள மணி கண்ணில் படுகிறது. சிரிப்பு வருகிறது. அடக்க மாட்டாத சிரிப்பு. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை. வெகுநாளாக அசையாத மனம் அசைந்துவிட்டது. சோகத்தைச் சோகமாக மட்டுமே எழுதத் தெரிந்தவர் அந்த மணியைப் பெருக்கித் தள்ளியிருப்பார், தோழர்களே. சிரிக்க வைத்துப் பழகிய கைதான் அதை எடுத்து நம் உள்ளங்கையில் வைக்கிறது.

அடுத்த நூல் 2020இல்தான் வந்தது. இடையில் தங்கையைப் பறிகொடுத்திருந்தார். அந்த நூலிலும் சிரிப்பு இருக்கிறது, தங்கையும் இருக்கிறாள்.

முதல் நூலின் பிரதி ஒன்றை நம் நூலகத்துக்காக வாங்கி வந்திருக்கிறேன். நூலகர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனநலம் என்று எழுதிய அடுக்கில் இதை வைத்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் போகவே கூச்சப்படுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நகைச்சுவை அடுக்கில், கைக்கு எட்டும் உயரத்தில், அட்டை தெரியும்படி வையுங்கள்.