வீடும் அயலும்



யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே வடக்கு நோக்கிச் சென்றால் சிறிது தூரத்தில் வருவது கொக்குவில். முற்றாக நகரமும் அன்று. முற்றாகக் கிராமமும் அன்று. அங்கேதான் எமது குடும்ப வீடு இருக்கிறது. சென்ற மாதம், பக்கத்து வீட்டை விலைபேச வந்த அன்பர் ஒருவர், அறைகள் எத்தனை, காணி எத்தனை பரப்பு என்றெல்லாம் விசாரித்து முடித்தபின் என்னிடம் ஒன்று கேட்டார்: "ஐயா, இந்த வேலியை அகற்றிவிட்டு உயர்ந்த மதில் ஒன்று எழுப்பலாம் அல்லவா?"

நான் உள்ளே சென்று எமது பழைய உறுதியை எடுத்து வந்தேன். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்கள் அறிவர். நான்கு எல்லைகளையும் கூறியபின், கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். எமது வளவில் உள்ள கிணற்றில் மூன்று வீட்டாருக்குப் பங்குண்டு. அவர் வாங்க எண்ணிய வீடு அவற்றுள் ஒன்று. மதில் எழும்பினால் அவருடைய நீருக்கு அவரே வழியடைத்தவராவார்.

"அப்படியாயின் எனக்கென்று ஒரு குழாய்க் கிணறு தோண்டிக்கொள்கிறேன்" என்றார் அவர்.

தோண்டலாம். ஆனால் எமது குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மாரிமழை அதன் வெடிப்புகளினூடே இறங்கி, கீழே உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குகிறது. ஒருவர் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அயலவர் கிணற்றிலும் உப்பு ஏறக்கூடும். ஒருவருடைய மலக்குழி கிணற்றுக்கு அண்மையில் அமைந்தால், அடுத்த வளவுக் குழந்தை அந்நீரைப் பருகும். மலசலகூடத்தை வீட்டினுள்ளே அமைக்க விரும்புவோர் குழி எங்கே அமையும் என்று கேட்பது அரிது. என் அனுபவத்தில் இதுவே பெருங்குறை.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, வலிகாமத்து மக்களோடு நாமும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பியபோது பூட்டும் இல்லை, கதவும் இல்லை, ஓடுகளிற் பாதி இல்லை. கிணறு மட்டும் சருகும் பாசியும் மூடிக் கிடந்தது. மூன்று வீட்டாரும் சேர்ந்து, முறைவைத்து, இரண்டு நாள் இறைத்துச் சேறு வாரினோம். ஊற்றுத் தெளிந்த அன்று மாலை எம் தாயார் முதற் குடத்தை எமக்கு எடுக்கவில்லை. வேலிப் பொட்டின் வழியே அடுத்த வீட்டுக் கிழவிக்குக் கொடுத்தனுப்பினார். கூரை வேய எமக்கு மேலும் எட்டு மாதம் சென்றது. ஆயினும் அன்றே நாம் வீடு திரும்பிவிட்டதாக உணர்ந்தோம்.

மற்ற வசதிகள் மெல்ல மெல்லவே வந்தன. பாடசாலை மணி மீண்டும் ஒலித்தது. வாசிகசாலைக்குப் பத்திரிகை வந்தது. சந்திக் கடை திறந்தது. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2015ஆம் ஆண்டு சனவரியிலேதான் எமது நிலையத்தைக் கடந்து காங்கேசன்துறை வரை சென்றது. அதுவரை, நிலையத்துக்கு அருகில் வீடு என்பது பேச்சளவில் மட்டும் இருந்த வசதியாகும்.

அன்பர் உறுதியை இருமுறை படித்தார். பின்பு கிணற்றடிக்குச் சென்று, துலாக்கால் நின்ற இடத்தைப் பார்த்து, ஒரு வாளி நீர் அள்ளிச் சுவைத்தார். மதிலைப்பற்றி அதன்பின் அவர் பேசவில்லை. "பொட்டு எந்தப் பக்கம், ஐயா?" என்று மட்டும் கேட்டார். காட்டினேன்.