வக்கீலுக்கு எதுக்கு வரவு செலவு?

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மைக் பிடிப்பது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரிய பொண்ணு பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் குரூப் எடுத்தாள். வக்கீல் ஆகணும்னு சின்னதுலேருந்தே சொல்றவ. "வக்கீலுக்குப் போறவளுக்கு எதுக்குடி கணக்குப்பிள்ளை படிப்பு?"ன்னு என் நாத்தனார் கேட்டாங்க. எனக்கும் அதே சந்தேகம்தான். அப்போ அவள் சொன்னது ஹரிஷ் சால்வே என்கிற வக்கீலைப் பற்றி.

அவர் நாக்பூர்க்காரர். தாத்தா கிரிமினல் வக்கீல், அப்பா ஆடிட்டர். இவரும் முதலில் ஆடிட்டருக்கான சி.ஏ. முடித்து வருமான வரி வேலைதான் பார்த்தார். பிறகுதான் கறுப்புக் கோட்டு. சோலி சொராப்ஜி என்ற பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருந்தார். 1999 முதல் 2002 வரை மத்திய அரசின் சொலிசிட்டர் ஜெனரலாகவும் இருந்தார்.

அவர் வாதாடிய வோடபோன் வழக்கு, பொண்ணு ரெண்டு தடவை சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. 2007-ல் நம்ம ஊர் ஹட்ச் போன் கம்பெனியை வோடபோன் வாங்கியது. ஆனா கைமாறினது இங்கே இருந்த கம்பெனியோட பங்கு இல்லை. கேமன் தீவில் பதிவான வேறொரு கம்பெனியோட பங்கு. அதுக்குக் கீழே இன்னொரு கம்பெனி, அதுக்கும் கீழே இன்னொன்று, வெங்காயம் உரிக்கிற மாதிரி. வரித்துறை சுமார் 11,000 கோடி கேட்டது. மும்பை உயர்நீதிமன்றத்தில் வோடபோன் தோற்றது. 2012 ஜனவரியில் உச்சநீதிமன்றத்தில் ஜெயித்தது. அங்கே அதுக்காகப் பேசினவர் சால்வே. யார் பங்கு யார் கையில், வரி எந்த இடத்தில் விழும்னு பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் அந்தக் கட்டைத் தொடவே முடியாது. நாட்டுக்கு வரவேண்டிய பணம் போச்சேன்னு எனக்கு மனசு ஆறலை, அது வேற விஷயம்.

எனக்கு உறைத்தது எங்க வீட்டுக் கணக்கில்தான். வலை வாங்க ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் 50,000 கடன் எடுத்தோம். வட்டி 12 சதவீதம்னாங்க. ஒரு வருஷத்தில் 56,000 கட்டினோம். ஆறாயிரம் வட்டி, சரிதானேன்னு இருந்துட்டேன். பொண்ணு அட்டையைப் பார்த்துட்டு, "அம்மா, மாசாமாசம் அசலும் சேர்த்துத்தானே கட்டுறே? கடைசி மாசம் அசல்ல ஐயாயிரம்கூட பாக்கி இல்லை. அப்பவும் அம்பதாயிரத்துக்கே வட்டி போட்டிருக்காங்க"ன்னா. குறையுற அசலுக்குப் போட்டா வட்டி 3,300 சொச்சம்தான் வருது. அந்தத் தாளில் கையெழுத்து போட்டது நான். எங்க அம்மா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரினவங்க. கூலியை எண்ணத் தெரியும், சரியான்னு கேட்கத் தெரியாது. பத்தாவது படிச்ச நானும் கேட்கலையே!

பன்னிரண்டு முடித்து ஐந்து வருஷத்தில் வக்கீல் ஆகலாம். பி.காம். முடித்து மூன்று வருஷம் சட்டம் படிக்கவும் வழி உண்டு, விழுப்புரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கு. அவளுக்கு பி.காம். வழிதான் வேணுமாம். ஒரு வருஷம் கூடுதே, கல்யாணம் தள்ளிப்போகுமேன்னு அவங்க அப்பா யோசிக்கிறார். நான் சரின்னு சொல்லிட்டேன்.

உங்க குழுவில் யார்கிட்டயாவது அப்படி கடன் அட்டை இருந்தா கொண்டாங்க. சாயங்காலம் பொண்ணு வீட்டில்தான் இருப்பாள்.